பழந்துணிப் பின்னல் விரிப்பு: அளவைக் கூட்டலும் குறைத்தலும்

அறுவடையாகிக் களத்து வேலை ஓய்ந்து, அடுத்த உழவு தொடங்குமுன் கிடைக்கும் சில வாரங்களில், குடியானவர் வீடுகளில் பரண்மேலுள்ள பொருள்களை இறக்கி உதறி வெயிலிற் காயவைப்பது வழக்கம். அப்போது மூட்டை மூட்டையாகக் கிடைப்பது பழந்துணியே. அதிற் சிறிது விளக்குத் திரிக்கும், சிறிது அடுப்படியிற் பிடிதுணிக்கும் போக, எஞ்சியது எலிக்குக் கூடாகிறது. இத்துணியை நீளநீளமாய்க் கிழித்து, மூன்று புரியாகப் பின்னி, அப்பின்னலைச் சுழியாகச் சுற்றி நூலாற் கோத்துச் செய்யும் விரிப்பைக் குறித்தே இங்கு எழுதப் புகுகிறேன். ஆயினும் அதனைப் புதிதாய்ச் செய்யும் வகையைக் காட்டிலும், செய்து முடிந்த விரிப்பை வேண்டியபோது பெரிதாக்கவும் சிறிதாக்கவும் உரிய வகையையே முக்கியமாய்க் கூற விரும்புகிறேன். ஏனெனில், செய்வதில் தவறுவோர் சிலர். அளவை மாற்றுவதில் தவறுவோரே பலர். யானும் அப்பலருள் ஒருவன்.

சில ஆண்டுகளுக்கு முன் யான் வேற்றூருக்கு மாற்றப்பட்டபோது, அங்குக் கிடைத்த வாடகை வீட்டின் கூடம் மிகச் சிறிதாயிருந்தது. என் தமக்கையார் பின்னித் தந்திருந்த நாலரையடி வட்ட விரிப்பை அதில் விரித்தால் கதவு திறவாது. கதவுப் பக்கத்தில் ஒரு சாண் அகலத்தை நேர்கோடாக வெட்டியெறிந்து, வெட்டிய ஓரத்தை நாடாவைத்துத் தைத்துவிட்டாற் போதுமென்று எண்ணினேன். நிலத்தை அளக்கவும் பாத்தி வகுக்கவும் பயின்றவனுக்கு இது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. கத்தரிக்கோலும் நன்றாக வெட்டிற்று. மறுநாட் காலையில் விரிப்பைத் தூக்கியபோதுதான் செய்த பிழை விளங்கிற்று. அந்த ஒரு சாணுக்குள் ஒன்பது சுற்றுக்கள் அறுபட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனைகளாகப் பதினெட்டு முனைகள். ஒரு முனைக்கு மூன்று புரிகளாக ஐம்பத்துநான்கு துணி நுனிகள். தைத்த நாடாவினின்று அவை ஒவ்வொன்றாய் வழுவிப் பிரிந்தன. ஊடே ஓடிய கோப்பு நூலும் அறுபட்டிருந்தமையால் சுற்றுக்களும் ஒன்றைவிட்டொன்று விலகத் தொடங்கின. தமக்கையாருக்கு எழுதினேன். அவர் எழுதிய விடை ஒரே வரி: "தம்பி, சடையை அவிழ்க்க வேண்டுமென்றால் நுனியிலிருந்து அவிழ்ப்பார்களேயன்றி நடுவில் வெட்டுவாருண்டோ?"

இத்தொழிலின் சூட்சுமம் முழுதும் அவ்வொரு வரியில் அடங்கியிருக்கிறது. பானைக்கு அடியில் வைக்கும் பிரிமணையை நேயர்கள் அறிவார்கள். வைக்கோற் பிரியை வளைத்து வளைத்துச் சுற்றியதேயன்றி அது வட்டமாக அறுத்தெடுத்த பொருளன்று. பின்னல் விரிப்பும் அப்படிப்பட்டதே. பார்வைக்கு அது ஒரு சமுக்காளம் போலத் தோன்றினும், உண்மையில் அது ஒரே ஒரு நீண்ட கயிறு. நடுச்சுழியில் தொடங்கி ஓரத்திலுள்ள வாலில் முடிகிறது. பாயையும் சமுக்காளத்தையும் வெட்டி ஓரங்கட்டலாம். இதனை அங்ஙனம் செய்தல் இயலாது. கூட்டுவதாயினும் குறைப்பதாயினும் அவ்வால் முனையிலேயே தொடங்கவேண்டும்.

இஃது அயலூர்ச் சரக்கென்று சிலர் கருதலாம், ஒருவகையில் உண்மையே. வட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியிலுள்ள பண்ணை வீடுகளில் 19-ஆம் நூற்றாண்டில் இவ்விரிப்பு பெரிதும் பரவியிருந்தது. கிழிந்த கம்பளிச் சட்டைகளையும் போர்வைகளையும் பின்னி, குளிர்ந்த பலகைத் தரையில் இட்டார்கள். அந்நாட்டில் 1914-ஆம் ஆண்டு ஸ்மித்–லீவர் சட்டம் நிறைவேறிய பின்னர், உழவர்க்கு வயலிற் சென்று விவசாய முறைகளைக் காட்ட ஒருவரும், அவர்தம் இல்லத்தார்க்கு வீட்டுத் தொழில்களைக் காட்ட ஒரு பெண் அலுவலரும் மாவட்டந்தோறும் அமர்த்தப்பட்டு வந்தார்கள். அப்பெண் அலுவலர்கள் கற்பித்த தொழில்களில் பழந்துணி விரிப்பும் ஒன்று. அவர்கள் கையாண்டது கம்பளி, நம்மிடமுள்ளது பருத்தி. கம்பளி நீட்டினால் நீளும், அழுத்தினால் அமுங்கும். ஆதலால் பின்னுவோரின் பிழையைச் சிறிது மறைத்துக்கொடுக்கும். பருத்தியோ எதையும் மறைக்காது. கணக்குச் சற்றுத் தவறினும் ஓரத்தில் உடனே காட்டிவிடும். ஆகவே கணக்கை முதலிற் சொல்கிறேன்.

கணக்கு

இவ்வாண்டு யான் சுற்றுப்பயணத்தில் தங்கிய ஒரு கிராமத்தில், சகோதரர் இருவர் பாகம் பிரித்துக்கொண்டிருந்தனர். நிலமும், கிணற்று முறையும், மாடுகளும், தென்னைகளும் யாதொரு தகராறுமின்றிப் பிரிந்தன. எஞ்சியது கூடத்திற் கிடந்த ஐந்தடி வட்டப் பின்னல் விரிப்பு. அவர்களுடைய தாயார் பல ஆண்டுகளாகச் சுற்றுச்சுற்றாய்ச் சேர்த்து முடித்தது. மூத்தவர், "கூடம் என் பங்கில் வந்தது, கூடத்து விரிப்பும் எனதே" என்றார். இளையவர், "ஓரத்துச் சுற்றுக்கள் அப்பாவின் வேட்டிகளாயிற்றே, அண்ணா" என்றார். அதற்குமேல் இருவரும் பேசவில்லை. உடனிருந்த கிராம நிர்வாக அலுவலர் நகைச்சுவையாக, "நடுவில் கல் நட்டு அளந்து வெட்டிவிடலாமே" என்றார். மூத்தவர் உண்மையாகவே அரிவாளுக்கு எழுந்ததைக் கண்டு, யான் என் ஐம்பத்துநான்கு நுனிகளின் கதையைச் சொல்லி அவரை அமர்த்தினேன்.

பிறகு ஒரு கேள்வி கேட்டேன். ஐந்தடி விரிப்பிலிருந்து நான்கடி விரிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டால், மீதியில் எவ்வளவு பெரிய விரிப்புக் கிடைக்கும்? "ஓரடி" என்றார் ஒருவர். "ஒன்றரையடி இருக்கலாம்" என்றார் மற்றொருவர். உண்மையில் கிடைப்பது மூன்றடி விரிப்பு. அங்கிருந்தவர்களில் நம்பியவர் ஒரு கொத்தனார் மட்டுமே. ஏனெனில் அவர் அஸ்திவாரத்துக்கு மூலை பிடிக்கும்போதெல்லாம் 3, 4, 5 என்ற கயிற்றளவையே கையாளுகிறார்.

காரணம் யாதெனில், துணியின் அளவு விரிப்பின் விட்டத்தைப் பொறுத்ததன்று. விட்டத்தை அதனாலேயே பெருக்கிய தொகையைப் பொறுத்தது. ஐந்தை ஐந்தாற் பெருக்க 25. நான்கை நான்காற் பெருக்க 16. எஞ்சியது 9, அதாவது மூன்றை மூன்றாற் பெருக்கிய தொகை. பின்னலின் அகலம் 1 அங்குலமாயின், ஐந்தடி விரிப்பில் 30 சுற்றுக்களும் ஏறத்தாழ 236 அடிப் பின்னலும் உள்ளன. அதில் வெளிப்புறத்து ஆறு சுற்றுக்களை மட்டும் அவிழ்த்தால் 85 அடிப் பின்னல் கையில் வரும். உள்ளே நான்கடி விரிப்பு அப்படியே நிற்கும். அந்த 85 அடியைச் சுற்றினால் மூன்றடி விரிப்பாகும். முப்பதில் ஆறு என்றால் ஐந்திலொரு பங்கு என்றே எவரும் கருதுவர். ஆனால் துணியில் அது மூன்றிலொரு பங்குக்கும் சற்று மிகுதி. சரிபாதியாய்ப் பிரிக்க விரும்பினால் இரண்டும் மூன்றரையடி வட்டமாகும். ஆறடி விரிப்பானால் பாதி மூன்றடியன்று, நாலேகால் அடி.

விரிப்போடு தொடர்பில்லாதவரும் இக்கணக்கை நினைவில் வைத்தல் நலம். இருபதடி வட்டக் கிணற்றை இருபத்துநான்கு அடியாக அகலப்படுத்தப் பேரம் பேசும்போது, "நாலடிதானே கூடுகிறது" என்று பலர் எண்ணுகிறார்கள். அதே ஆழத்துக்கு வெட்ட வேண்டிய மண் 100-க்கு 44 கூடுகிறது.

அச்சகோதரர்கள் என்ன செய்தார்களெனில், 4-க்கும் 3-க்குமாகப் பிரித்துக்கொண்டார்கள். நான்கடி விரிப்பு மூத்தவருடைய கூடத்தில் நின்றது. அவிழ்த்த ஆறு சுற்றுக்களில் வந்தவை தந்தையின் வேட்டிகள். அவை இளையவருக்குப் போயின. தாயார் இளைய மகனுடன் வசிக்கப்போவதாக இருந்தமையால், மூன்றடி விரிப்பைத் தாமே மறுபடி சுற்றிக் கோத்துத் தம் கட்டிலருகில் இட்டுக்கொள்வதாகச் சொன்னார். அவிழ்த்த பின்னலைத் திரும்பச் சுற்றும்போது, முன்பு ஓரத்திலிருந்த துணி நடுவுக்கு வந்துவிடும். அவர் கடைசியாகச் சேர்த்த வேட்டி இப்போது நடுச்சுழியில் இருக்கிறது.

பெரிதாக்கும் வகை

முதலில் எவ்வளவு துணி வேண்டுமென்று அறிதல் வேண்டும். இதற்கு எளிய வழி, இருக்கும் விரிப்பையே நிறுத்தல். மூன்றடி விரிப்பு 900 கிராம் நிறுக்குமாயின், அதை நான்கடியாக்க 700 கிராம் துணி வேண்டும். 9 பங்கு இருப்பது 16 பங்காக வேண்டுமாதலால் கூடுவது 7 பங்கு. பழைய விரிப்பிலுள்ளது போன்ற துணியையே சேர்ப்பவர்க்கு இக்கணக்குத் தவறாது.

அளந்து பார்க்க விரும்புவோர் ஓரடிப் பின்னலை மாதிரியாகப் பின்னி, அதற்குப் புரியில் எவ்வளவு நீளம் உட்சென்றதென்று பார்க்கவேண்டும். ஒரு புரிக்கு 1 அடி 4 அங்குலம் சென்றதாக வைத்துக்கொள்வோம். மூன்றடியை நான்கடியாக்க 66 அடிப் பின்னல் வேண்டும். அதற்குப் புரி ஒன்றுக்கு 88 அடி. மூன்றுக்கும் 264 அடி. பன்னிரண்டடி நீளமும் நான்கடி அகலமுமுள்ள எட்டுமுழ வேட்டியை 4 அங்குலப் பட்டையாக நீளவாட்டில் கிழித்தால் 144 அடி கிடைக்கும். ஆகவே இரண்டு வேட்டிகள் வேண்டும்; நைந்த இடங்களைக் கழித்தாலும் போதும். துணி தடித்ததாயின் பட்டை 3 அங்குலமோ அதனினும் குறைவோ போதுமானது. இதில் விதியொன்றுமில்லை, பின்னிய பின் அகலம் பழைய பின்னலோடு ஒத்திருக்கவேண்டுமென்பதே அளவு. பட்டையின் இரு விளிம்புகளையும் உட்புறமாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்துப் பின்னினால் நூற்பிசிறு வெளியே தெரியாது.

புதுத் துணியானால் பின்னுமுன் கட்டாயம் நனைத்து உலர்த்தவேண்டும். பழைய விரிப்பு பலமுறை நனைந்து சுருங்கியது. அதன் ஓரத்தில் சுருங்காத பருத்தியைச் சேர்த்தால், முதல் வெளுப்பிலேயே வெளிச்சுற்றுக்கள் இறுகி, விரிப்பு முறத்தைப் போல நடுவிற் குழியும். பாலியெஸ்டர் கலந்த துணியைப் பருத்தியோடு கலக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நன்றாக வெளுத்துச் சுருங்கிய பருத்தியோடாயினும் அது ஒரே விதமாய்ப் படியாது. வழுக்கும் தன்மையால் பின்னலும் தளரும். தனியே ஒரு விரிப்பாகச் செய்துகொள்வதே சிலாக்கியம். சாயம் போகுமென்று ஐயமுள்ள துணியை வெந்நீரில் ஊறவைத்து, ஈரமாக ஒரு வெள்ளைத் துணியின்மேல் வைத்துப் பார்க்கவேண்டும். கறை பிடித்தால் அத்துணி இதற்கு ஆகாது. உப்பு நீரில் ஊறவைத்தாற் சாயம் நின்றுவிடும் என்ற நம்பிக்கையைக் கைவிடுக.

இனி வேலையைத் தொடங்கலாம். விரிப்பின் வெளிச்சுற்றைக் கையால் தடவிச்சென்றால் ஓரிடத்தில் பின்னல் மெலிந்து முந்திய சுற்றுக்குள் செருகப்பட்டிருக்கும். அதுவே வால். அங்குத் தையலைப் பிரித்து, மெலிந்த பகுதி முழுதும் அவிழும் வரையில் கோப்பு நூலை வாங்கி, அந்நூல் மேலும் கழலாதபடி முடிச்சிட்டு நிறுத்தவேண்டும். மெலிந்த புரிகளை வெட்டிவிட்டு, முழு அகலமுள்ள புதுப் பட்டைகளை இணைக்கவேண்டும். இணைக்குமிடத்தில் இரு பட்டைகளையும் குறுக்கு நேராகத் தைக்காமல் சாய்வாகத் தைத்தால் தடிப்பு ஓரிடத்திற் குவியாது. மூன்று புரிகளின் இணைப்பும் ஒரே இடத்தில் வருதலும் கூடாது. சுவரில் ஒரு வரிசைச் செங்கல்லின் இணைப்பு அடுத்த வரிசையின் இணைப்புக்கு நேரே வராதபடி கொத்தனார் கட்டுவதைப் போல, ஒவ்வொரு புரியையும் வெவ்வேறு நீளத்தில் வெட்டி இணைக்கவேண்டும்.

பின்னல் இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும். தாயார் பின்னிய விரிப்பை மருமகள் பெரிதாக்கும்போது இதனாலேயே பெரும்பாலும் கெடுகிறது, ஒருவர்மீதும் குற்றமில்லை. பழைய வெளிச்சுற்றில் ஓரடி நீளத்திலுள்ள கண்ணிகளை எண்ணிக்கொண்டு, புதுப் பின்னலிலும் ஓரடிக்கு அத்தனை கண்ணிகள் வருமாறு கையைப் பழக்கிக்கொண்ட பிறகே கோக்கத் தொடங்கவேண்டும்.

கோப்பதற்குச் சாக்குத் தைக்கும் கோணி ஊசி ஏற்றது. ஆனால் அதன் கூர்முனையைக் கல்லில் உரைத்து மழுக்கிக்கொள்ளவேண்டும். ஊசி துணியைத் துளைத்துச் செல்லலாகாது. பின்னலின் கண்ணிகளுக்கிடையே நுழைந்து செல்லவேண்டும். துளைத்துத் தைத்த விரிப்பைப் பின்னொரு நாள் அளவு மாற்றப்போனால், நூலைப் பிரிக்கும்போதே துணி கிழியும். பழைய சுற்றில் ஒரு கண்ணி, புதுப் பின்னலில் ஒரு கண்ணி என மாறிமாறிக் கோத்து நூலை இழுத்தால், நூல் இரண்டுக்கும் நடுவில் மறைந்துவிடும். இவ்வேலையைத் தரையிலாவது மேசைமீதாவது விரித்துவைத்துச் செய்யவேண்டும். மடியில் வைத்துக் கோப்பவர்களின் விரிப்பு மடியின் வளைவையே பெறும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். வெளியே செல்லச் செல்ல ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிட நீளமாயிருக்க வேண்டுமென்பது எவருக்கும் தெரியும். எவ்வளவு நீளம் என்பதிலேதான் மயக்கம். விரிப்புச் சிறிதாயினும் பெரிதாயினும், ஒவ்வொரு சுற்றுக்கும் கூடவேண்டியது பின்னல் அகலத்தைப்போல் ஆறேகால் மடங்கு மட்டுமே. பின்னல் 1 அங்குலமாயின் நடுச்சுழிக்கு அடுத்த சுற்றானாலும் முப்பதாவது சுற்றானாலும் 6¼ அங்குலமே கூடும். கண்ணி ஒன்று 1 அங்குல நீளமுள்ளதாயின், சுற்றுக்கு ஆறு கண்ணிகள் மிகையாக வரவேண்டும். நான்கு சுற்றுக்கு ஒரு முறை ஏழு. அம்மிகையைப் புகுத்தும் வகை என்னவெனில், புதுப் பின்னலில் ஒரு கண்ணியைக் கோக்காமல் விட்டு, அதற்கு அடுத்த கண்ணியைப் பழைய சுற்றோடு கோத்தலாம். ஒரு சுற்றில் இங்ஙனம் ஆறிடங்களில், ஏறத்தாழச் சம இடைவெளி விட்டுச் செய்யவேண்டும். அடுத்த சுற்றில் அதே இடங்களுக்கு நேராகச் செய்யாமல் சற்றுத் தள்ளிச் செய்யவேண்டும். இல்லாவிடில் வட்டம் மெல்ல மெல்ல அறுகோணமாகிவிடும்.

மிகை குறைந்தால் விரிப்புக் கிண்ணம்போல் குழியும். கூடினால் ஓரம் அலையலையாய் எழும். இவ்விரண்டில் பின்னதே அபாயமானது. எழுந்த ஓரத்தில் கால் தடுக்கி முதியோர் விழ நேரும். மேலே அம்மிக்கல்லை வைத்தும், இஸ்திரி போட்டும், நனைத்து மிதித்தும் இதனைச் சீர்படுத்த முயல்வோர் உண்டு. இரண்டு நாட்களில் அது மறுபடியும் எழும். படிந்து கிடக்கும் கடைசிச் சுற்று எதுவோ அதுவரையில் கோப்பு நூலைப் பிரித்து, மறுபடி கோப்பதன்றி வேறு வழியில்லை. ஆகவே ஒவ்வொரு சுற்று முடிந்ததும் உள்ளங்கையால் ஓரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே செல்லவேண்டும். ஒரு சுற்றைப் பிரிப்பது அரைமணி வேலை. ஆறு சுற்றைப் பிரிப்பது மனச்சோர்வு.

நீள்வட்ட விரிப்பு

நடுவில் சுழிக்குப் பதிலாக நேரான ஒரு துண்டை வைத்து, அதைச் சுற்றிச் செய்வது நீள்வட்ட விரிப்பு. அத்துண்டின் நீளம், விரிப்பின் நீளத்துக்கும் அகலத்துக்குமுள்ள வித்தியாசம். ஐந்தடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்ட விரிப்பின் நடுத்துண்டு இரண்டடி. இதில் சுற்றுக்களைக் கூட்டினால் நீளமும் அகலமும் ஒரே அளவாகவே கூடும். ஐந்துக்கு மூன்று, ஆறுக்கு நான்காகும், ஏழுக்கு ஐந்தாகும். எட்டுக்கு மூன்றாக ஒருக்காலும் ஆகாது. நடையில் இடுவதற்கு நீளத்தை மட்டும் கூட்ட விரும்புவோர், முழு விரிப்பையும் நடுத்துண்டு வரை அவிழ்த்து, அத்துண்டை நீட்டி மறுபடி சுற்றுதல் வேண்டும். பின்னலை அவிழ்க்கவேண்டியதில்லை, கோப்பை மட்டும் பிரித்தாற் போதும். இரண்டு மூன்று நாள் வேலை. துணி யாதொன்றும் வீணாவதில்லை.

நேரான பக்கங்களில் மிகைக் கண்ணி ஒன்றும் வேண்டியதில்லை. சுற்றுக்கு ஆறென்ற மிகையைப் பாதியாய்ப் பிரித்து, ஒவ்வொரு வளைவிலும் மூன்றாகப் புகுத்தவேண்டும்.

சிறிதாக்கும் வகை

இது எளிது, பொறுமை ஒன்றே வேண்டும். வாலைப் பிரித்துக் கோப்பு நூலை வாங்கிக்கொண்டே உட்புறமாகச் செல்லவேண்டும். நூலைக் கண்டவிடமெல்லாம் கத்தியால் அறுத்தால், நிறுத்தவேண்டிய இடத்தில் முடிச்சிட நூல் இராது. வேண்டிய அளவு வந்ததும், நூலை முடிந்து நிறுத்தி, அவ்விடத்திலிருந்து ஏறத்தாழ ஓரடி மிச்சம் விட்டுப் பின்னலை வெட்டலாம். விரிப்பில் கத்தரிக்கோல் படத்தக்க ஒரே இடம் இதுதான். வெட்டுமுன் இருபுறமும் நூலால் இறுகக் கட்டிக்கொள்வது நலம். எஞ்சிய ஓரடியைப் புரிபுரியாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையையும் நுனி நோக்கிப் படிப்படியாய் அகலம் குறையக் கத்தரித்து, மறுபடி பின்னினால் எலிவால்போல் மெலியும். அதனை முந்திய சுற்றோடு கோத்து, நுனிகளை அச்சுற்றின் கண்ணிகளுக்குள் செருகித் தைத்துவிட்டால் முடிந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. நீள்வட்டத்தில் இவ்வாலை நேரான பக்கத்தில் முடித்தால் அங்கே ஒரு படி தோன்றும், வளைவில் முடிக்கவேண்டும்.

அவிழ்த்தெடுத்த பின்னலைச் சுருணையாகச் சுற்றி வைக்கலாம். நான்கடியை மூன்றடியாக்கினால் மிஞ்சும் 66 அடிப் பின்னல், ஏறத்தாழ 2 அடி 8 அங்குல அகலமுள்ள மற்றொரு விரிப்பாகும். வாசற்படிக்கு இது தக்க அளவு.

பேணும் வகையைக் குறித்துச் சில சொற்கள். பருத்தி விரிப்பு ஈரத்தை வெகு நேரம் தாங்கிநிற்கும். மழைக்காலத்தில் மண் தரையில் இட்டுவைத்தால் அடியில் பூஞ்சணமும், சில இடங்களில் கறையானும் சேரும். வாரத்திற்கொரு முறை தூக்கிப் பார்த்து வெயிலில் இடவேண்டும். வழவழப்பான சிமெண்டுத் தரையிலும் ஓட்டுத் தரையிலும் இது வழுக்கும். மாடிப்படியின் கீழும், முதியோர் இரவில் எழுந்து நடக்கும் வழியிலும் இடலாகாது. கட்டிலருகில் இட்டால் அதன் ஓர் ஓரம் கட்டிற்காலின் கீழ் அழுந்தியிருக்குமாறு இடுக. வெளுத்தபின் ஈரமாகக் கொடியில் தொங்கவிட்டால், தன் பளுவாலேயே சுற்றுக்கள் இழுபட்டு வட்டம் கோணும். வைக்கோற்போர்மீதாவது கயிற்றுக் கட்டிலின்மீதாவது பரப்பி உலர்த்தவேண்டும். புதிதாய்ச் சேர்த்த சுற்றுக்களில் முதல் இரண்டு மாதங்களில் நூல் தளர்வதுண்டு. தளர்ந்த இடத்தைக் கண்ட அன்றே கோத்துவிடவேண்டும்.

யான் வெட்டிக் கெடுத்த விரிப்பின் கதியைக் கேட்பார் உளர். அடுத்த பொங்கலுக்கு வந்த தமக்கையார், அறுபட்ட ஒன்பது சுற்றுக்களையும் பிரித்தெறிந்துவிட்டு, அறுபடாத பதினெட்டுச் சுற்றுக்களுக்கு அங்கேயே வால் முடித்துத் தந்தார். மூன்றடி வட்டமாகக் கதவுக்கு இடையூறின்றிக் கிடக்கிறது. பிரித்தெறிந்த துண்டுகள் வண்டியில் உட்காரும் திண்டுக்குள் திணிக்கப் பயன்பட்டன.